வட்டுவாகல் தண்ணீரும் ஒரு பித்தளை நட்டும்

முள்ளிவாய்க்காலில் அல்பேர்ட்டுக்கு வைத்த பட்டப்பெயர் "கரைச் சம்மாட்டி". தகப்பன் உண்மையான சம்மாட்டி. இரண்டு வள்ளமும் ஒரு கரைவலையும் வைத்திருந்தவர். மகனுக்கோ வள்ளம் ஆடத் தொடங்கினாலே குடல் வாய்க்கு வந்துவிடும். பதினாறு வயதில் ஒருநாள் தகப்பன் அவனைக் கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்குப் போட்ட வலையைப் பாதியில் இழுத்துக்கொண்டு வள்ளம் திரும்பி வந்தது. வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் வாடிய கீரைத்தண்டு மாதிரிக் கிடந்த மகனைத் தூக்கி மணலில் போட்டுவிட்டு, "கடல் இவனைத் துப்பிப் போட்டுது" என்று கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார் தகப்பன். அந்தச் சொல்லை அல்பேர்ட் சாகும்வரை மறக்கவில்லை.

கடல் துப்பியவனை எஞ்சின் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலக யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பற்படைக்காரர் கூட்டம் கூட்டமாக ஆட்களை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஒழுங்கையில் இருந்த பஸ்தியாம்பிள்ளை போகிறான் என்று அறிந்து அல்பேர்ட்டும் கூடவே லொறியில் ஏறிவிட்டான். படகு எஞ்சின் திருத்துகிற கொட்டகையில் இருவருக்கும் வேலை கிடைத்தது. பஸ்திக்கு வேகமான கை. எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூண்டாவது சிலிண்டர் சரியில்லை" என்று சொல்வான். திறந்து பார்த்தால் மூன்றாவதுதான். அல்பேர்ட் மெதுவானவன். பஸ்தி கையை நீட்டினால் எந்த ஸ்பனர் வேண்டும் என்று கேளாமலே எடுத்துக் கொடுப்பான். நான்கு வருடம் அப்படித்தான் போனது.

அந்தக் கொட்டகையில் ஒரு சட்டம் இருந்தது. கழற்றுகிற நட்டு, ஆணி எல்லாவற்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். எஞ்சினை மூடமுதல் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை எஞ்சின் மூடப்படாது. எண்ணாமல் மூடினவன் மறுநாள் வேலைக்கு வரத் தேவையில்லை. ஊருக்குத் திரும்பி எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் பஸ்தி ஒரு சைக்கிளைக் கழற்றினால்கூட நட்டுகளை எண்ணித்தான் பூட்டுவான்.

இடையில் அல்பேர்ட் யூலிற்றாவைக் கட்டினான். மகள் புனிதம் பிறந்தபோது பஸ்திதான் ஞானத்தகப்பனாக நின்று பிள்ளையைக் கையில் ஏந்தினான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. முல்லைத்தீவுக் கடைத்தெருவில் தகரக் கூரை போட்டு ஒரு கராஜ் திறந்தான். ஞாயிறு பூசை முடிந்தால் கையில் ஏதாவது பொட்டலத்தோடு முள்ளிவாய்க்காலுக்கு வந்துவிடுவான். புனிதம் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு எழுத்துப் படிப்பித்தது பள்ளிக்கூடம். சைக்கிள் ஓடப் படிப்பித்தது பஸ்தி.

அல்பேர்ட் பத்து வருடம் ஒரு முதலாளியின் லொறி ஓட்டிவிட்டு, ஐம்பத்தேழில் யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரின் பழைய ஏ-போட்டி (ஏ-40) கார் ஒன்றை வாங்கினான். பஸ்திதான் கூடப் போய், எஞ்சினைக் கேட்டு, "எடு மச்சான், இது உன்னைக் கைவிடாது" என்று சொன்னவன். அந்தக் கார் வந்த பிறகு முள்ளிவாய்க்காலில் நோயாளியும் அதில்தான், மாப்பிள்ளையும் அதில்தான், சுவாமியாரும் அதில்தான். "கரைச் சம்மாட்டி" என்று சிரித்தவர்கள் அதே பெயரை மரியாதையாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஒரேயொரு தொல்லை, மாரி. மார்கழியில் நந்திக்கடல் களப்பு நிரம்பினால் முல்லைத்தீவுக்குப் போகிற வழியிலுள்ள வட்டுவாகலில் தண்ணீர் தெருவுக்கு மேலால் ஓடும். காரின் சைலென்சர் வால் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் அதை அடைத்துவிடும். எஞ்சின் இரண்டுதரம் இருமிவிட்டு நின்றுவிடும். ஒவ்வொரு வருடமும் மூன்று நான்கு கிழமை கார் கொட்டிலுக்குள் நிற்கும். வயலுக்குள் சேறும் தண்ணீரும் உழக்குகிற உழவு இயந்திரத்தின் புகைக்குழாய் வானத்தைப் பார்த்து நிற்பதை அல்பேர்ட் எத்தனையோ தரம் கண்டிருக்கிறான். ஒருநாள் ஒட்டுசுட்டான் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அறுபத்திரண்டாம் வருடம் மார்கழி தொடங்கப் புனிதத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசிரியப் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை; யாழ்ப்பாணத்தில்; பதினெட்டாம் திகதி காலை ஒன்பது மணி. முதல்நாள் மாங்குளத்தில் ரயில் எடுக்க வேண்டும். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பஸ் ஏற்கெனவே நின்றுவிட்டது.

அல்பேர்ட் பஸ்தியிடம் போனான். "குழாயை மேல தூக்குவம். பின்பக்கத்தால நேர மேல, கூரை மட்டத்துக்கு."

பஸ்தி சிரித்தான். "காருக்குக் கொம்பு வைக்கப் போறாய்."

"சிரியாதை. வேலை செய்யுமோ, செய்யாதோ?"

பஸ்தி கண்ணை மூடி யோசித்தான். "செய்யும்" என்றான்.

பதினாறாம் திகதி பஸ்தி கருவிப் பெட்டியும் தானுமாக வந்து இறங்கினான். கிணற்றுக் குழாய்த் துண்டொன்றுக்குள் மணலை இறுக்கி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, வளைத்து வைத்திருந்தான். பழைய குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில் துருப்பிடித்து ஒரு ஆணி முறிந்துவிட்டது. முறிந்த ஆணியைத் துளைத்து எடுக்க வேண்டுமானால் மேலே காபரேட்டரைக் கழற்றி, அதன் கீழிருக்கிற இரும்புக் கிளைக்குழாயையும் கழற்ற வேண்டும். அரைநாள் வேலை ஒருநாள் வேலையாயிற்று. பின்னேரம், அல்பேர்ட் காருக்குக் கீழே மல்லாந்து கிடந்து புதுக்குழாயைக் கம்பியால் இறுக்கிக்கொண்டிருந்தான். மேலே எஞ்சினைப் பூட்டுகிற வேலை பஸ்தியுடையது.

ஒருமுறை அல்பேர்ட் தலையைத் திருப்பியபோது பஸ்தி முழங்காலில் நின்று மணலைக் கையால் அளைந்துகொண்டிருந்தது தெரிந்தது.

"என்ன தேடுறாய்?"

"சுருட்டு விழுந்திட்டுது" என்றான் பஸ்தி.

கொஞ்ச நேரத்தில் அவன் எழும்பிப் பெட்டிக்குள் எதையோ கிண்டினான். பிறகு ஸ்பனர் சுற்றுகிற சத்தம் கேட்டது. எஞ்சினை முடுக்கினார்கள். புகை கூரைக்கு மேலால் நேராகப் போனது. புனிதம் கைதட்டினாள். யூலிற்றா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "பிட்டவிக்கிற பானை மாதிரி இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். தண்ணீர் கூடிவிட்டதால் பஸ்தி அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டான்.

பதினேழாம் திகதி விடிய மூவரும் புறப்பட்டார்கள். முன்னுக்கு அல்பேர்ட்டும் பஸ்தியும். பின்னுக்குப் புனிதம், மடியில் தகரப்பெட்டி. வட்டுவாகலில் தெருவைக் காணவில்லை. இரண்டு பக்கமும் நட்டிருந்த கம்புகள்தான் தெரு இருக்கிற இடத்தைச் சொல்லின. தண்ணீருக்கு இந்தப் பக்கக் கரையில் வலைக்காரர் நாலைந்து பேர் நின்றார்கள். "கரைச் சம்மாட்டி கடலுக்குப் போறார்!" என்று ஒருவன் கூவினான்.

அல்பேர்ட் முதலாவது கியரில், ஒரே வேகத்தில், மெல்ல மெல்ல இறங்கினான். தண்ணீர் சில்லுகளின் பாதிவரை ஏறியது; கதவின் அடிவரை வந்தது. எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. தலைக்கு மேலே புகை போய்க்கொண்டிருந்தது. தன் வாழ்க்கையில் முதல்தடவையாகத் தண்ணீரின் மேல் போயும் குடல் புரளவில்லை என்று அல்பேர்ட் நினைத்தான். கண்ணாடியில் பார்த்தான், புனிதம் சிலுவை போட்டுக்கொண்டே சிரித்தாள். பஸ்தி மட்டும் எஞ்சின் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போது அல்பேர்ட் யோசிக்கவில்லை.

அக்கரை வந்தது. தெரு தண்ணீரை விட்டு மேலே ஏறுகிறது. அல்பேர்ட் காலை அழுத்தினான். கார் மூக்கை உயர்த்தி ஏறியபோது எஞ்சினுக்குள் "டக்" என்றொரு சத்தம். அடுத்த கணம் கல்லை உரலில் போட்டு இடித்தது மாதிரி, டக் டக் டக் என்று தொடர்ந்து அடித்தது. அல்பேர்ட் நிறுத்தமுதல் உள்ளே ஏதோ வெடித்து, எஞ்சின் தானாகவே நின்றது.

தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

"தண்ணி இழுத்துப் போட்டுது" என்றான் பஸ்தி.

"எப்பிடி இழுக்கும்? குழாய் மேலயெல்லோ நிக்குது!"

"முன்பக்கத்தால போயிருக்கும். நான் அப்பவே நினைச்சனான் மச்சான். இப்பிடி ஆழத்துக்குள்ள விடக்கூடாது." பிறகு பின்னுக்குத் திரும்பி, "உன்ர அப்பன்ர ஆசை, பிள்ளை. என்ன செய்யிறது" என்றான்.

புனிதம் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி தகப்பனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அல்பேர்ட் கண்ணாடியில் கண்டான். அன்று மத்தியானம்வரை பஸ்தி முல்லைத்தீவுக்குள் அலைந்து வேறு வாகனம் தேடினான். அதிலே பொய் இல்லை, உண்மையாகவே தேடினான். இருந்த மற்றக் கார் வவுனியாவுக்குப் போய்விட்டது. லொறிக்காரர் வெள்ளத்துக்குப் பயந்து வரமாட்டோம் என்றார்கள். ரயில் போய்விட்டது. பின்னேரம் தகப்பனும் மகளும் கம்பு வரிசையைப் பிடித்துத் தண்ணீருக்குள்ளால் நடந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். பதினெட்டாம் திகதி ஒன்பது மணிக்குப் புனிதம் முள்ளிவாய்க்கால் வீட்டில், யாழ்ப்பாணத்துக்கென்று மடித்து வைத்த வெள்ளைச் சேலையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தகப்பனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. யூலிற்றாதான் சொன்னாள். "இஞ்சேருங்கோ, ஊருலகத்தில இல்லாத குழாய் வைக்காமல் வண்டில் கட்டிக்கொண்டு போயிருந்தால் என்ர பிள்ளை இண்டைக்கு அங்க இருப்பாள்." கடல் துப்பியவன் தண்ணீரோடு விளையாடினால் இப்படித்தான் என்று அல்பேர்ட்டுக்குள்ளேயே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அது தகப்பனின் குரல்.

பஸ்தியின் கராஜுக்குள் கணுக்காலளவு தண்ணீர். ஆகவே இரண்டு நாளுக்குப் பிறகு வெள்ளம் சற்று வடிந்ததும் சோடி மாட்டைப் பூட்டிக் காரை வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். பஸ்தி போகும்போது விரலை உயர்த்திச் சொன்னான்: "எஞ்சின் ஹெட்டில நீ கை வையாதை. வாற சனிக்கிழமை நான் வந்து கழட்டுறன். நீ கழட்டினால் இன்னும் பழுதாகும்."

அல்பேர்ட் செவ்வாய்வரை பொறுத்தான். புதன்கிழமை பொறுக்க முடியவில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் துரு ஏறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நாளும் நட்டம். ஸ்பனரை எடுத்தான்.

முதலில் காபரேட்டர். அதைப் பிடித்திருப்பது இரண்டே நட்டு. ஒன்று பித்தளை. மற்றது இரும்பு. அல்பேர்ட் அதைக் கையில் வைத்துப் புரட்டினான். கார் வாங்கிய நாளிலிருந்து அந்த இரண்டும் பித்தளை. ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைக்கிறவனுக்குத் தெரியாதா? மாற்றினால் மாற்றினேன் என்று பஸ்தி சொல்லியிருப்பானே என்று நினைத்தபடி வேலையைத் தொடர்ந்தான். கிளைக்குழாயைக் கழற்றினான். சிலிண்டர்களை மூடியிருக்கிற ஹெட்டின் ஆணிகளை இளக்கி, அதைத் தூக்கினான்.

சிலிண்டருக்குள் தண்ணீர் இல்லை. சேறு இல்லை. துருவும் இல்லை. இரண்டாவது பிஸ்டனின் தலை அம்மி பொளிந்தது மாதிரிக் கொத்துண்டு, ஓரம் வெடித்துக் கிடந்தது. ஒரு வால்வு வளைந்திருந்தது. பிஸ்டனின் நடுவில், கரிக்குள் பதிந்துபோய், நசிந்து தட்டையாகிய ஒரு மஞ்சள் உலோகத் துண்டு.

அல்பேர்ட் மணலில் குந்தியிருந்து யோசித்தான். காபரேட்டரைக் கழற்றினால் கிளைக்குழாயின் வாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நட்டு அதற்குள் விழுந்திருக்கிறது. மெதுவாக ஓடும்வரை குழாயின் தரையில் பேசாமல் கிடந்து, கார் மூக்கை உயர்த்தி எஞ்சின் மூச்சை இழுத்தபோது உள்ளே போயிருக்கிறது. விழுகிறது யாருக்கும் விழும். அல்பேர்ட்டுக்கு எத்தனை தரம் விழுந்திருக்கிறது! ஆனால் அந்த இரும்பு நட்டு? ஒன்று குறைகிறது என்று தெரியாதவன் இன்னொன்றை எடுத்துப் பூட்டுவானா? பஸ்தி எண்ணியிருக்கிறான். திருகோணமலையில் பழகிய பழக்கம் விடுமா? எண்ணினான், குறைந்தது, மணலை அளைந்தான், கிடைக்கவில்லை. சுருட்டு விழுந்தது என்று சொன்னான். அல்பேர்ட்டுக்கு இப்போது நினைவு வந்தது: அன்று முழுக்கப் பஸ்தி சுருட்டே பற்றவைக்கவில்லை. பெற்றோல் திறந்த இடத்தில் அவன் சுருட்டை வாயில் வைக்கவே மாட்டான்.

அந்தப் புதன்கிழமை அல்பேர்ட் செய்தது யூலிற்றாவுக்குக்கூடத் தெரியாது. பித்தளைத் துண்டைத் தொடாமல் அப்படியே விட்டு, ஹெட்டை ஏற்றி, எல்லாவற்றையும் முந்திய மாதிரியே பூட்டினான். இரும்பு நட்டையும் அதே பக்கத்தில் போட்டான். தான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். பஸ்தி வந்து திறந்து, துண்டைக் கண்டு, "ஐயோ மச்சான், இது என்னால வந்தது" என்று சொன்னால் போதும். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்பதில்லை என்று தீர்மானித்தான். மூன்று நாளும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தான்.

சனிக்கிழமை காலை பஸ்தி வந்தான். சேட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு உடனே வேலையில் இறங்கினான். புனிதம் மண்ணெண்ணெய்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். காபரேட்டரைக் கழற்றியபோது பித்தளை நட்டைத் தட்டில் வைத்தான். இரும்பு நட்டைத் தன்னுடைய தகரப்பேணிக்குள் போட்டான். அல்பேர்ட் பார்த்துக்கொண்டு நின்றான். ஹெட் வந்தது. பஸ்தி அதைத் தூக்கிச் சாக்கில் வைத்துவிட்டு, முதுகை அல்பேர்ட்டின் பக்கம் திருப்பிக் குனிந்தான். துணியை எடுத்தான். ஸ்க்ரூட்ரைவர் நுனியால் ஏதோ கிண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு துணியால் பிஸ்டனை அழுத்தித் துடைத்து, துணியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"பாத்தியே மச்சான், தண்ணி அடிச்ச அடி. பிஸ்டன் வெடிச்சுக் கிடக்குது."

புனிதம் கேட்டாள்: "மாமா, அதில மஞ்சளா ஒண்டு மினுங்கிச்சுது. என்னது அது?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. கரி. எண்ணெய் பட்டால் அப்பிடித்தான் மினுங்கும்."

தன்னிடம் சொன்ன பொய்யை அல்பேர்ட் அதுவரை விழுங்கிக்கொண்டு நின்றான். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, சைக்கிள் பிடித்துவிட்ட அதே குரலில் பஸ்தி சொன்ன பொய்யைத்தான் விழுங்க முடியவில்லை.

"பஸ்தி, அந்தத் துணியைப் பிள்ளையின்ர கையில குடு."

"என்ன துணி?"

"உன்ர கையில இருக்கிற துணி."

பஸ்தி அசையவில்லை. அல்பேர்ட் போய் அவனுடைய விரல்களை விரித்தான். பஸ்தி எதிர்க்கவுமில்லை. துணியை வாங்கிப் புனிதம் விரித்தாள். மஞ்சள் துண்டு அவளுடைய உள்ளங்கையில் விழுந்தது.

"புதன்கிழமையே நான் ஹெட்டைத் திறந்து பாத்திட்டன்" என்றான் அல்பேர்ட். "இரும்பு நட்டை இப்ப உன்ர பேணிக்குள்ள போட்டாய்; அதையும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். உனக்கு அண்டைக்கே தெரியும்."

பஸ்தியின் நெற்றி வேர்த்தது. "மண்ணுக்குள்ள விழுந்திருக்கும் எண்டு நினைச்சன் மச்சான். சத்தியமா."

"நினைச்சியோ, ஆசைப்பட்டியோ?"

"பொழுதுபட்டுக்கொண்டு வந்தது. எல்லாத்தையும் திருப்பிக் கழட்ட வேணும். பிள்ளை கைதட்டிக்கொண்டு நிக்கிறாள். இருவது வருசமா நட்டு எண்ணின பஸ்தி நட்டை விழுத்திப் போட்டான் எண்டு... எப்பிடிச் சொல்லுறது?"

"விழுத்தினதைச் சொல்லாட்டிலும் பரவாயில்லை. அண்டைக்கு அக்கரையில என்ன சொன்னாய்? உன்ர அப்பன்ர ஆசை, பிள்ளை எண்டு சொன்னாய். என்ர பிள்ளைக்கு முன்னால."

புனிதம் உள்ளங்கையைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்ப, தெரிஞ்சுகொண்டே மாமா, என்னையும் ஏத்திக்கொண்டு அந்தத் தண்ணிக்குள்ள வந்தீங்கள்?"

பஸ்தி சேட்டைப் போட்டுக்கொண்டான். கருவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தான். அன்றைக்கு அவன் எண்ணவில்லை. ஒரு ஸ்பனர் மணலிலேயே கிடந்தது. யூலிற்றா தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வர, அவன் வாசற்படலையைத் தாண்டிவிட்டான்.

கதையைக் கேட்ட யூலிற்றா கொதித்தாள். ஆனால் இரண்டு நாளில் வேறு மாதிரிச் சொன்னாள்: "அவன் உடைச்சது, அவனே திருத்தித் தரட்டும். நீங்கள் ஏன் கிடந்து கஷ்டப்பட வேணும்?" பஸ்தியும் ஆளனுப்பினான், வந்து செய்து தருகிறேன் என்று. அல்பேர்ட் மாட்டேன் என்றான். ரோஷம் என்று ஊர் சொன்னது. அவனுக்கு அது ரோஷமாகத் தெரியவில்லை. அந்தக் கை எஞ்சினுக்குள் போனால், பிறகு காரில் கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் நெஞ்சு திடுக்கிடும். அப்படியொரு காரில் மற்றவன் வீட்டுப் பிள்ளையை ஏற்ற முடியாது.

அதைவிட வேறொன்றும் நடந்தது. முல்லைத்தீவுக் கடைத்தெருவில், ஏரம்புவின் தேத்தண்ணிக் கடையில் பஸ்தி அதே கதையைத் திரும்பவும் சொல்லியிருந்தான்: தண்ணீர்தான் காரணம், பாவம் அல்பேர்ட், விளக்கமில்லாமல் விட்டுவிட்டான் என்று. காதில் விழுந்ததை அல்பேர்ட் நம்பவில்லை. தானே போய் ஏரம்புவிடம் கேட்டான். ஓம் என்றார் ஏரம்பு. அல்பேர்ட் மடியிலிருந்து பித்தளைத் துண்டை எடுத்து மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னான். ஏரம்பு அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்களுக்கு விளங்குமே, தம்பி? அவன் மெக்கானிக், நீ டிறைவர்" என்றார். அல்பேர்ட் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வீட்டில் பிடிபட்ட பிறகும், பிள்ளை கேட்ட பிறகும், பஸ்தி கடையில் இருந்து அந்தக் கதையையே சொல்லியிருக்கிறான். எஞ்சின் உடைந்ததைவிட, நேர்முகம் தவறியதைவிட, அதுதான் பெரிதாக வலித்தது. முன்னது ஒரு பயத்தில் செய்தது என்றால், பின்னது ஆற அமர இருந்து செய்தது.

வெளிநாட்டுச் சாமான் வருவது இறுகிப்போன காலம். புதுப் பிஸ்டன் என்று கேட்டால் கடைக்காரர் சிரித்தார்கள். வவுனியாவுக்குப் போகிற லொறிக்காரன் ஒருவன்தான் சொன்னான், நெளுக்குளத்தில் தில்லைநாதன் என்றொரு வயற்காரரிடம், குடைசாய்ந்த ஏ-போட்டி ஒன்று வைக்கோற்போருக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று. அல்பேர்ட் ஒரு சாக்குக் கருவாட்டோடு போய் இறங்கினான். காரின் பின்சீற்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

தில்லைநாதன் சாக்கைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "பிஸ்டனை எடுங்கோ. வேணுமெண்டால் நாலையும் எடுங்கோ. கோழியை மட்டும் எழுப்பாதேங்கோ" என்றார்.

ஒரு பகல் முழுக்க அவரும் கூடக் குனிந்து நின்று உதவினார். முன்பின் தெரியாத அந்த மனுசன் ஒவ்வொரு ஆணியையும் ஒரு சிரட்டைக்குள் போட்டுக் கையில் கொடுத்தபோது, அல்பேர்ட்டுக்குக் கண் கலங்கியது. வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

பஸ்திக்கு ஸ்பனர் எடுத்துக் கொடுத்தே பழகியவன் இப்போது தானே கையை விட வேண்டியிருந்தது. எண்ணெய்த் தொட்டியை இறக்கி, வெடித்த பிஸ்டனை எடுத்தான். பழையதின் நிறையும் புதியதின் நிறையும் ஒன்றா என்று மீன் நிறுக்கிற தராசில் போட்டுப் பார்த்தான். புதியது கொஞ்சம் கூட. உட்பக்கத்தில் அரத்தால் இழுத்து இழுத்துச் சரிசெய்தான். வால்வு அதன் இருக்கையில் காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும். அதற்கு அரைக்கிற பசையைப் பூசி, தடியால் பிடித்து, உள்ளங்கைகளுக்கிடையில் கடைகோல் மாதிரி உருட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். எட்டு வால்வு. இரண்டாவது நாள் புனிதம் வந்து பக்கத்தில் இருந்து, ஒரு தடியை எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் உருட்டியபிறகு சொன்னாள்: "அப்பா, நான் உங்களைத்தான் பிழையா நினைச்சிட்டன்."

"தெரியும்" என்றான் அல்பேர்ட். "நானும் என்னைத்தான் நினைச்சன்."

மாசி நடுவில் எஞ்சின் பேசியது. முதலில் புகை, பிறகு ஒரு நடுக்கம், பிறகு ஒழுங்கான சத்தம். மூடமுதல் அவனும் புனிதமும் நட்டுகளை மூன்றுதரம் எண்ணினார்கள். சைலென்சர் குழாயைக் கழற்றிவிடச் சொன்னாள் யூலிற்றா. அல்பேர்ட் கழற்றவில்லை.

அடுத்த மார்கழியில் வட்டுவாகல் வழக்கம்போல நிரம்பியது. அல்பேர்ட் காரை இறக்கினான், அக்கரையில் ஏறினான், எஞ்சின் முணுமுணுக்கவில்லை. அந்த மாரி முழுக்கப் போய்வந்தான். ஒரு நோயாளியை ஏற்றிப் போனபோது ஏரம்பு கடை வாசலில் நின்று கையைக் காட்டினார். "பாத்தியே தம்பி, பஸ்தி எவ்வளவு நல்லாத் திருத்தித் தந்திருக்கிறான்!" உண்மை அல்பேர்ட்டின் வாய்வரை வந்தது. காருக்குள் நோயாளி முனகினார். கியரை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

புனிதத்துக்கு மறுவருடம் கடிதம் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. உள்ளூர் உப தபாற்கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாள். முத்திரை குத்துகிற வேலை தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லுவாள். அது உண்மையா, தகப்பனுக்காகச் சொல்வதா என்று அல்பேர்ட் கடைசிவரை கேட்கவில்லை.

அறுபத்தாறில் அவளுக்குக் கலியாணம். ஞானத்தகப்பனுக்குச் சொல்லாமல் விடுவதா என்று வீட்டில் கதை வந்தபோது, புனிதம்தான், "சொல்லுங்கோ. வராட்டில் அது அவரின்ர பாடு" என்றாள். பஸ்தி வந்தான். தலை நரைத்திருந்தது. கோவிலில் பின்வரிசையில் இருந்தான். பூசை முடிந்து எல்லோரும் பந்தலுக்குள் போன பிறகும் அவன் படலைக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில் நின்றான். எஞ்சின் மூடியின்மேல் ஒரு கையை வைத்திருந்தான்.

அல்பேர்ட் அவனிடம் போனான். நாலு வருடம் அவன் தனக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எத்தனையோ. இப்போது அடிக்கவும் மனமில்லை, கட்டிப்பிடிக்கவும் மனமில்லை.

"மச்சான்..." என்று தொடங்கினான் பஸ்தி.

"உள்ளுக்கு வாங்கோ, பஸ்தியாம்பிள்ளை" என்றான் அல்பேர்ட். "வெயிலுக்க நிக்காதேங்கோ. சாப்பிட்டிட்டுப் போங்கோ."

வாங்கோ, போங்கோ என்று அவன் சொன்னதைக் கேட்டுப் பஸ்தி அவன் முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். நீ என்று திட்டியிருந்தால் அழுதிருப்பான் போலிருந்தது. எஞ்சின் மூடியிலிருந்து கையை எடுத்துச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, விருந்தாளிகளோடு விருந்தாளியாகப் பந்தலுக்குள் போய் இலையின் முன்னால் இருந்தான்.